கொலட்டுக்கு ஒரு ஸ்டொப்பர்

கிளிநொச்சியில் எங்கள் வீட்டோடு ஒட்டிய தகரக் கொட்டிலுக்குள் இரும்பு கடைகிற லேத் மெசின் ஒன்று நிற்கிறது. வாங்கும்போதே அது கிழடு. என் கணவர் அதைக் கொண்டுவந்து இறக்கிய அன்று, பழைய இரும்புக்குப் போக வேண்டிய சாமானை வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறாரே என்று நான் பிடித்த சண்டை அயலுக்கெல்லாம் கேட்டது. பிறகு அந்தக் கிழடுதான் எங்களுக்குச் சோறு போட்டது. உழவு மெசினுக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் வேண்டிய சின்னச் சின்ன இரும்புப் பின்களை மல்லாவிக் கடைக்காரர் ஒருவர் எங்களிடம்தான் செய்விப்பார். கணவர் கடைவார், நான் பக்கத்தில் இருந்து அரத்தால் பிசிர் எடுப்பேன். பார்த்துப் பார்த்தே எனக்கும் மெசின் வேலை பிடிபட்டது.

சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, இவருடைய கண்ணில் கை வைத்தது. வவுனியாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அலைந்ததுதான் மிச்சம். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார்கள். ஆள் நடமாட்டம் நிழலாகத் தெரியும், அளவுகோலின் கோடு தெரியாது. கோடு தெரியாத லேத்காரன் என்ன செய்வான்? இவர் கொட்டிலுக்குப் போவதையே விட்டுவிட்டார். முன்வாசலில் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டுக்கொண்டு, ரோட்டில் போகிற மோட்டார் சைக்கிள்களின் சத்தத்துக்குக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். சாப்பாடு பாதியில் நிற்கும்.

"இனி நான் ஆருக்கு, என்னத்துக்கு?" என்றார் ஒருநாள்.

எனக்கு அழுகையை விடக் கோபம்தான் எப்போதும் முந்தி வரும். சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய், அங்கே நின்றுதான் அழுதேன். இந்த மனிதரை எப்படியும் திரும்ப மெசினுக்கு முன்னால் இருத்துவது என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். இல்லாவிட்டால் அந்தக் கதிரையிலேயே அவர் முடிந்துபோவார் என்று எனக்குப் பயம்.

கொலட் என்பது மெசினின் சுற்றுகிற தலையில் பூட்டுகிற, வாயில் கீறல் விட்ட ஓர் இரும்புக் குழல். கம்பித் துண்டை அதற்குள் செருகிப் பிடியை இழுத்தால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு ஆழத்துக்குச் செருகுவது என்பதைத்தான் கண் பார்க்க வேண்டும். உள்ளே ஒரு தடுப்பு இருந்தால் கண் எதற்கு? கொலட்டின் பின்பக்கத்தில் உள்ள புரிக்குப் பொருந்த ஒரு மூடி கடைந்தேன். அதன் நடுவில் துளைத்து, ஒரு நீளப் போல்ட்டை உள்ளே விட்டேன். துண்டு போய் அந்தப் போல்ட்டில் முட்டி நிற்கும், எல்லாத் துண்டுகளும் ஒரே ஆழம். அதுதான் ஸ்டொப்பர்.

முதல் ஸ்டொப்பருக்குப் போல்ட் நகராமல் இறுக்குகிற நட்டைப் போட மறந்துவிட்டேன். முட்ட முட்ட அது பின்னுக்குப் போய், பின்கள் ஒன்றை விட ஒன்று நீளமாக வந்தன. கொண்டுபோய்க் கொடுத்தேன். இவர் அவற்றை மேசையில் வரிசையாக நிறுத்தி, தலைகளை விரலால் தடவிப் பார்த்தார்.

"இஞ்சாரும், உம்மட ஸ்டொப்பருக்கும் உம்மைப் போல ஒரு இடத்தில நிக்கேலாது போல கிடக்கு."

"உங்களோட குடும்பம் நடத்தினா இரும்பும் பின்னுக்குத்தான் போகும்" என்றேன்.

இவர் சிரித்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு சிரித்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

பிறகு எங்களிடம் இருந்த ஒவ்வொரு அளவுக் கொலட்டுக்கும் ஒவ்வொரு ஸ்டொப்பர் செய்தேன், நட்டோடு. கடைகிற கத்தியும் ஓர் அளவுக்கு மேல் போகாதபடி அதற்கும் தடுப்புப் போட்டேன். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய்வந்த கையோடு இவர் மெசினில் இருந்தார். மோட்டார் ஓடிக்கொண்டேயிருக்கும், கிளச்சைத் தட்டினால்தான் கொலட் சுற்றும். செருகுவார், 'டுக்' என்று முட்டும், இறுக்குவார், கிளச்சைத் தட்டுவார். அந்த 'டுக்' என்கிற சத்தத்துக்காகவே நான் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன்.

இவருடைய அக்கா வந்து பார்த்துவிட்டு வாசலிலேயே தொடங்கினா.

"கண் தெரியாதவனை மெசினில இருத்தியிருக்கிறாய். கையும் போறதுக்கோ?"

"கை போனா நான் சோத்தைத் தீத்துவன் மச்சாள். உயிர் போனா என்ன செய்யிறது?"

அவா சொன்னதில் பிழையில்லை என்று எனக்கும் தெரியும்.

மாரி மழை முடிந்து, மல்லாவிக் கடைக்காரர் நாங்கள் கொடுத்த பின்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்தார். நல்ல வேளை, இவர் அப்போது கிணற்றடியில் நின்றார்.

"தங்கச்சி, குறை நினையாதேங்கோ. இதில பாதி நீளம் காணாது. பூட்டினா நிக்குதில்லை."

ஸ்டொப்பரைக் கழற்றிப் பார்த்தேன். அது ஆடவேயில்லை. மறுநாள் அரத்தைக் கீழே வைத்துவிட்டு இவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைந்த துகள் ஒன்று கொலட்டுக்குள் கிடந்தது. இவர் செருகிய துண்டு போல்ட்டில் முட்டாமல் அந்தத் துகளில் முட்டி, வெளியே கூட நீட்டிக்கொண்டு நின்றது; கத்தி அந்த மிச்சத்தையும் வெட்டிவிடும். முன்பென்றால் மயிரிழைத் துகள் கிடந்தாலும் விரல் அறிந்து, துண்டை வெளியே எடுத்து ஊதிவிடுவார். இப்போது அப்படியே இறுக்கினார். அடுத்ததையும் அப்படியே இறுக்கினார். துகளின் கூர் இவருடைய சுட்டுவிரலைக் கிழித்து, இரத்தம் துண்டெல்லாம் வழிந்தது. இவர் பெருவிரலால் அதைத் தேய்த்துப் பார்த்தார்.

"எண்ணெய் கூட விட்டிட்டீரோ? வழுக்குது."

சீனி கூடினால் கால் விறைத்து உணர்ச்சி போகும், கவனம் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். கைக்கும் வரும் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. கண்ணுக்குப் பதிலாக விரலை நம்பித்தானே அந்த ஸ்டொப்பர்களைச் செய்தேன். விரலுக்குப் பதிலாக எதைச் செய்வேன்? மெசினையும் என்னையும் கடவுளையும் சேர்த்துத் திட்டவேண்டும் போல இருந்தது. எட்டிச் சுவிட்சை நிறுத்தினேன். மோட்டார் இரைந்து இரைந்து அடங்கியது.

"என்ன, கரண்ட் நிண்டிட்டுதோ?"

"ஓம்" என்றேன். எண்ணெய் துடைப்பது போலத் துணியால் அந்த விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

குசினிக்குள் வானொலி செய்தி சொல்லிக்கொண்டிருந்தது. சுவரில் செருகி வைத்திருக்கிற வானொலி, கரண்ட் இல்லாமல் அது பேசாது. நாங்கள் இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டு இருந்தோம். இவர் கையை இழுக்கவில்லை.

"சரி, வந்தாப் பிறகு சொல்லும்" என்று எழும்பினார். மற்றக் கையால் கதவு நிலையைத் தடவிப் பிடித்து, முன்வாசலுக்குப் போய்க் கதிரையில் இருந்தார்.

கரண்ட் வந்ததா என்று இன்றுவரைக்கும் இவர் என்னிடம் கேட்கவில்லை.