அச்சிமுகம்மது கொண்டுவந்த சம்பியன்

மஜீடின் முழங்காலைப் பற்றி அச்சிமுகம்மதுவுக்குத் தெரிந்த அளவு மஜீடுக்கே தெரியாது. மிதிக்கும்போது முழங்கால் உள்ளே ஒடுங்குமாம், மூச்சு மூக்கால் மட்டும் போகுமாம், கடைசி ஒரு மைலில்தான் தலை குனியுமாம். மருதமுனைச் சந்தித் தேநீர்க்கடையில் இதை அவர் விளக்காத நாள் கிடையாது. இத்தனைக்கும் தான் சைக்கிள் ஏறுவதென்றால் கால் வைத்து ஏற ஒரு மதகுக்கட்டைத் தேடுகிற மனிதர். நாளுக்குப் பதினைந்து மைல் மிதிக்கிற தபால்காரன் எட்வேட்டுக்கே மிதிப்பது எப்படியென்று வகுப்பெடுத்தவர். இதெல்லாம் பிற்காலத்தில் அவரே சொல்லிச் சிரித்ததுதான். இல்லாவிட்டால் நமக்கு எப்படித் தெரியும்?

மஜீட் அக்கரைப்பற்றான். கோமாரியில் மீன் ஏற்றி அக்கரைப்பற்றுச் சந்தைக்குக் கொண்டுவந்து விற்பது தொழில். ஒவ்வொரு சித்திரையிலும் மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தடியில் தொடங்கி, வழியில் மருதமுனைச் சந்தியைத் தாண்டி, அக்கரைப்பற்றுச் சந்தியில் முடிகிற நாற்பது மைல் சைக்கிளோட்டத்தை மூன்று வருஷம் தொடர்ந்து வென்றவன். அவன் பேர் போகாத இடமில்லை. பொடியன்கள் அவனைப் போல வகிடெடுத்தார்கள். ஓட்டத்தன்று கிடுகு வேலிகளுக்குப் பின்னால் முக்காடுகள் வரிசையாக நிற்கும். பிந்தின பஸ் பறந்து வந்தால் "மஜீட் வாறான்" என்றார்கள்.

அச்சிமுகம்மது நெசவாளி. வீட்டில் இரண்டு தறி, சாரன் என்கிற கைலி நெய்வார். சாரன் எடுக்க வருகிற அக்கரைப்பற்று வியாபாரிகள் வாயைத் திறந்தால் "எங்கட மஜீட், எங்கட மஜீட்" என்பார்கள். அந்த 'எங்கட' அவருக்கு முள்ளாகத் தைத்தது. முழங்காலை ஆராய்ந்தவர் இவர், சொந்தம் கொண்டாடுகிறவர்கள் அவர்களா?

யோசித்தார். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தவன் பெண் வீட்டுக்குத்தான் குடிவருவான். வந்தால் அவன் அந்த ஊரான். பெண்ணுக்கு வீட்டையும் வளவையும் கொடுத்துவிட்டுத் தாயும் தகப்பனும் பின்பக்கத்துக் கொட்டிலுக்கு ஒதுங்கிக்கொள்வார்கள். மஜீடுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அச்சிமுகம்மதுவுக்கு சுல்பிகா என்று ஒரே மகள். இதற்குமேல் என்ன வேண்டும்?

ஊரே அவர் மூளையை மெச்சியது. சுல்பிகா மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்.

"வாப்பா, அவருக்குச் சைக்கிளோட்டத்தத் தவிர வேற என்ன தெரியும்?"

"வேற என்னத்துக்குத் தெரியோணும்?"

அவள் சிரித்தாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். நல்லகாலம், அது சம்மதமாகத்தான் இருந்தது.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் மழைக்கு முன் நிக்காஹ் முடிந்தது. அன்றே அச்சிமுகம்மது மனைவி பாத்தும்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "மருமகனுக்கு ஒரு குறையும் வெக்கப்படாது. சம்பியன் உடம்பு, விளங்கிச்சா?" பாத்தும்மாவுக்கு நன்றாக விளங்கியது. விடியலில் பிட்டும் எருமைத் தயிரும். பகலில் பாரை மீன் ஆணத்தோடு சோறு. பொழுதுபட இறைச்சி. இடையில் வட்டிலப்பம். மருதமுனைக் கரையிலேயே மீன் எடுத்துக் கல்முனைச் சந்தையில் விற்றுவிட்டு அவன் எந்நேரம் வந்தாலும் சோறு மூடியிருக்கும்.

நாலைந்து மாதத்தில் கடையில் கதை மாறியது. முதலில் தொடங்கியவன், அவரை அண்ணன் முறையில் காக்கா என்கிற எட்வேட்.

"காக்கா, உங்கட மருமகன் குனியக்குள்ள வயிறு கம்பியில முட்டுதே."

"அது வயிறு இல்ல தம்பி. மூச்ச அடச்சு வெச்சிரிக்கிற இடம்."

"போன வருஷம் அந்த மூச்சு எங்க இருந்த?"

"போன வருஷம் அவர் அக்கரைப்பத்தார். அவங்களுக்கு மூச்சு வளக்கத் தெரியா."

கடையே சிரித்தது. அச்சிமுகம்மதுவும் சிரித்தார். ஆனால் உண்மை அவர் கையில்தான் இருந்தது. முந்தின கிழமைதான் மருமகனின் சாரனுக்குச் சுற்றளவில் நாலு விரல் கூட்டி நெய்து கொடுத்திருந்தார். அந்த உண்மையைத் தறியில் விட்டுவிட்டு வந்து, கடையில் "எட ஒரு இறாத்தல் கூடயில்ல" என்று சத்தியம் பண்ணாத குறையாகக் கதைத்தார்.

கதை கூடக்கூட வாயும் கூடியது. சித்திரைக்கு ஒரு கிழமை இருக்க, எட்வேட் மட்டக்களப்புக் கனகரெத்தினத்தின் பேரை எடுத்தான். இந்த முறை அவன்தான் வெல்வான் என்றான். அச்சிமுகம்மது எழும்பி நின்றார்.

"கேட்டுக்கங்க எல்லாரும். என்ட மருமகன் தோத்தா, சைக்கிள் எண்ட சொல்லு இந்தக் கடையில என்ட வாயால வராது. ஹயாத்து உள்ள மட்டும், உசிரு இரிக்கிற மட்டும்!"

அவரிடம் வேறென்ன இருந்தது? வீடு மகளுக்குப் போய்விட்டது. தறி பழையது. சந்தியில் நாலு பேர் காது கொடுக்கிற அந்தக் கதை ஒன்றுதான் அவருடைய சொத்து. அதைத்தான் பந்தயமாக வைத்திருந்தார்.

ஓட்டத்துக்கு முந்தின நாள் பின்னேரமே மஜீட் கல்லடிக்குப் போய்விட்டான். மறுநாள் காலையில் சந்தி நிறையச் சனம். அச்சிமுகம்மது கடைப் பெஞ்சின் மேல் ஏறி நின்றார். அங்கிருந்து பார்த்தால் நூறு பாகம் தள்ளி அவர் வீட்டு வேலி வாசல், அந்தக் கடப்பு தெரியும்.

"வாறான்! ஒருத்தன் தனிய வாறான்!"

மஜீட்! வயிறும் தானுமாக, கனகரெத்தினத்தைக் கண்ணுக்கெட்டாத தூரத்தில் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தான். மூன்று வருஷத்தில் அப்படி ஒரு ஓட்டம் ஓடினதில்லை. அச்சிமுகம்மதுவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "எங்கட மஜீட்!" என்று கத்தினார். அந்த 'எங்கட'வைச் சொல்லத்தானே இவ்வளவும்!

வீட்டுக் கடப்படியில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பாத்தும்மா நின்றாள். கையில் பெரிய கோப்பை. எங்கள் பக்கத்தில் மாமி மருமகனோடு நேரே கதைக்க மாட்டாள். அதனால் உள்ளே நின்ற மகளுக்குச் சொல்வதுபோல வேலியைப் பார்த்துச் சொன்னாள்:

"சுல்பிகா, தயிர் கரைச்சிரிக்கி. குடிச்சிட்டுப் போகச் சொல்லு. ராவும் ஒண்டும் திண்டிரிக்கமாட்டாரு."

மஜீட் பிறேக் பிடித்தான். ஒரு காலை நிலத்தில் ஊன்றிக் கோப்பையை வாங்கிக் குடித்தான். சனம் "ஓடு, ஓடு" என்று கத்தியது. பாத்தும்மா மறுபடியும் வேலியிடம், "சோறும் மூடியிரிக்கி" என்றாள். மஜீட் றோட்டைப் பார்த்தான். வீட்டைப் பார்த்தான். சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டான்.

அச்சிமுகம்மது பெஞ்சிலிருந்து எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். அவருக்குப் பக்கத்தால் கனகரெத்தினம் போனான், பிறகு இன்னும் ஆறேழு பேர் போனார்கள். உள்ளே பாயில் மஜீட் சோறு பிசைந்துகொண்டிருந்தான். சுல்பிகா ஆணம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"மனே, என்ன மனே இது? எல்லாரும் போறானுகளே!"

மஜீட் பிசைந்த கையோடு எழும்பப் பார்த்தான். பிறகு உட்கார்ந்துகொண்டான். ஓட்டத்தைப் பற்றி அவன் வாய் திறந்து கதைத்தது அன்றைக்குத்தான்.

"மாமா, எங்கட ஊட்ட ஏழு ஆம்புளப் புள்ளயள். ஒரே பானை. பிந்தி வாறவனுக்கு ஒண்டுமில்ல. கோமாரியில மீன ஏத்தினா, பானை வழிச்சுப் போயிருமே எண்டுதான் மிதிப்பன். இந்த ஓட்டமும் எங்கட சந்தியிலதானே முடியிற? நான் ஊட்டுக்குத்தான் போன. கப்பையும் தந்தானுகள்."

ஒரு பிடி சோற்றை வாயில் வைத்து விழுங்கினான்.

"இப்ப ஊடு இஞ்ச. இஞ்ச வாற மட்டும் ஆரையும் முந்த உடல்ல மாமா. அங்கால என்னத்துக்கு ஓடுற? இஞ்ச பிந்தி வந்தாலும் மூடி வெச்சிரிக்காங்க."

அச்சிமுகம்மது சுவரோடு சாய்ந்துவிட்டார். முழங்காலாம், மூச்சாம், கடைசி மைலில் குனிகிற தலையாம்! பசித்தவன் ஒருவன் பானையைத் தேடி வீட்டுக்கு ஓடியிருக்கிறான். அதற்கு மூன்று வருஷமாகக் கை தட்டியிருக்கிறோம். அவருக்கு வெட்கமாக இருந்தது. தோற்றது கூட அந்த நேரம் பெரிதாகத் தெரியவில்லை. "புள்ள, அந்த நடுத்துண்டு மீன அவருக்கு வையி" என்று மட்டும் மகளிடம் சொன்னார்.

பின்னேரம் கடைக்குப் போனார். போகாமல் ஒளித்தால் இன்னும் கேவலம். கனகரெத்தினம் வென்ற செய்தி வந்துவிட்டது. எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். எட்வேட் நல்லவன், சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் கேட்டான்.

"என்ன காக்கா, மருமகன் எத்தினையாவதாம்?"

சொன்ன சொல் சொல்தான். சைக்கிள் என்ற பேச்சை அவர் எடுக்கவில்லை. தேநீரை ஒரு மிடறு குடித்துக் கீழே வைத்தார்.

"முதலாவது" என்றார். "ஊட்டுக்கு."