குழாயடியில் ஒரு ஹைக்கூ

போடிமெட்டுப் பக்கம் மலை நனைந்துகொண்டிருந்த நாட்களிலும் எங்கள் தெருக் குழாயில் காற்றுதான் வந்தது. நான் ஏலக்காய்க் கடையில் வேலை பார்த்தபடி ஹைக்கூ எழுதிப் பழகிக்கொண்டிருந்தேன். மூன்றே வரியில், கோபத்தைச் சொல்லாமல் காட்சியை மட்டும் காட்ட வேண்டும் என்பது அந்த ஜப்பானியக் கவிதையின் ஒழுங்கு. கவுன்சிலர் மேலிருந்த ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு, டீக்கடைக் கரும்பலகையில் எழுதினேன்:

குழாயடியில் குடங்கள்
விளிம்புவரை நிரம்பியிருக்கிறது
வானம்

டீ குடிக்க வந்த கவுன்சிலர் அதை நின்று படித்தார். "அண்ணே, நம்மளப் பத்தி இவ்வளவு அழகா யாரும் எழுதுனதில்ல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த வாரமே குழாயடியில், அவர் கும்பிடும் படத்தோடு என் கவிதை பிளெக்ஸாக நின்றது.

தெருப் பெண்கள் என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். "தண்ணி நெறஞ்சிருக்குன்னு எழுதுன ஆளு நீங்கதானா?" என்றார் எதிர்வீட்டு அக்கா. குடத்தில் வானம் மட்டும் இருந்தால் அது வெறும் குடம் என்று விளக்கினேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப இது அவரத் திட்டுறதா? சரி, எல்லாத்துக்கும் வெளங்குற மாதிரி பண்ணிருவோம்."

மறுநாள் காலையில் பிளெக்ஸ் சட்டம் முழுக்கக் காலிக் குடங்கள் தொங்கின. பஸ்சில் போனவர்கள்கூட எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். மதியத்துக்குள் பிளெக்ஸ் போய், தண்ணீர் லாரி வந்தது.

சாயங்காலம் டீக்கடையில் கவுன்சிலர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இனிமே திட்டுறதுன்னா நேரடியாத் திட்டிருங்கண்ணே. நானும் பிரிண்டுக்குக் குடுக்க மாட்டேன்ல."