சாவி வந்த கப்பல்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். சொல்லைக் கண்டால் சும்மா விடமாட்டேன். அதன் ஊர், உறவு, வம்சம் எல்லாம் விசாரித்தால்தான் சோறு இறங்கும். தென்காசியில் வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்ப்பு வேலை. ஆவணியில் ஒரு பூட்டுக் கம்பெனியின் கையேடு வந்தது, ஆறு ஐரோப்பிய மொழிகளில்.

இத்தாலியனில் கியாவே, ஸ்பானிஷில் யாவே, பிரெஞ்சில் கிளே. எல்லாம் லத்தீன் ‘கிளாவிஸ்’ பெற்ற பிள்ளைகள். ஜெர்மன்காரர்களின் ‘ஷ்லூசல்’ மூடுவதைக் குறிக்கும் சொல்லில் பிறந்தது. ஆங்கிலக் ‘கீ’க்கு மட்டும் பூர்வீகம் யாருக்கும் சரியாகத் தெரியாது. போர்த்துக்கீசுக்கு வந்ததும் எழுந்து நின்றுவிட்டேன். ‘ஷாவி’! கப்பலில் வந்து நம் இடுப்பில் ஏறிக்கொண்ட சாவி. சந்தோஷம் தாங்காமல் சுந்தரபாண்டியபுரத்தில் வயல் பார்க்கும் அண்ணனுக்குப் போன் போட்டு, பழைய வீட்டு வாசல் சாவியைத் தேடிவைக்கச் சொன்னேன். படம் எடுக்க வேண்டுமாம் எனக்கு.

குற்றாலத்தில் அந்த வருடம் சாரல் சரியில்லை. முந்தின விளைச்சலும் கைவிட்டதில், “இதுவும் போச்சுன்னா வயல விட்டுட்டுப் புளியறைல ஓட்டல் வேலைக்குப் போயிருவேன்” என்று அண்ணன் சொல்லியிருந்தான். அது என் நினைவிலேயே இல்லை.

மறுநாள் காலை கூப்பிட்டான். “எல்லாஞ் சாவிலே.”

“எல்லாமா? பெருசு ஒண்ணு போதும்ணே” என்று சிரித்தேன். அவன் ‘ம்’ போட்டதை ஆர்வம் என்று எடுத்துக்கொண்டு, லத்தீனில் தொடங்கி லிஸ்பன் வழியாகக் கொச்சி வரை கூட்டிவந்தேன்.

“சரிடே, வைக்கேன்” என்றான்.

சாயங்காலம் சாவி வாங்கப் போனேன். வரப்பில் நின்றிருந்தான். கதிர்கள் தலை சாயாமல், வெளிறிப்போய் நிமிர்ந்து நின்றன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பால் பிடிக்காமல், உள்ளே அரிசியில்லாமல் போன நெல்லுக்கும் சாவி என்றுதான் பெயர். அந்தச் சொல்லைக் கேட்டே வளர்ந்தவன் நான்.

மடியிலிருந்த இரும்புச் சாவியை எடுத்து என் ஒரு கையில் வைத்தான். ஒரு கதிரை ஒடித்து மறுகையில் வைத்தான்.

“அது ஒஞ் சாவி. இது ஏஞ் சாவி. இது எந்தக் கப்பல்லடே வந்துச்சு?”

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

அவன் சாவி எந்தக் கப்பலிலும் வரவில்லை. ‘சா’ என்கிற நம் சொல்லிலேயே பிறந்தது. தெரிந்தும் நான் சொல்லவில்லை.