ஜன்னல் வச்சாச்சு டீச்சர்

1970-ஆம் ஆண்டு. மூணாறுக்கு மேலே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஒரு மலைக் கிராமத்தில் குடியிருந்தோம். உருளைக்கிழங்கும் பூண்டும்தான் பிழைப்பு. அந்த வருடம் அடைமழையில் கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிவிட்டது. நிலத்தை விட்டுவிட்டு எஸ்டேட் வேலைக்குப் போய்விடலாம் என்று என் கணவர் சொல்ல ஆரம்பித்தார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

அந்த வருடம்தான் குறிஞ்சி பூத்தது. பூவைப் பார்க்க ஜீப்பில் ஆட்கள் வந்தார்கள். சாப்பாடு கிடைக்காமல், தங்க இடமில்லாமல் மத்தியானமே இறங்கிப் போனார்கள். நம் வீட்டிலேயே தங்கவைத்துச் சமைத்துப் போட்டால் என்ன என்று கேட்டேன்.

"கக்கூஸ் இல்லாத வீட்டுல டவுன்காரங்க எப்படித் தங்குவாக?" என்றார் கணவர்.

நியாயமான கேள்வி. நானும், எங்களோடு இருந்த நாத்தனாரும் கொல்லையில் குழி தோண்டி, பலகை போட்டு, சுற்றிலும் தட்டி கட்டினோம். மூன்று நாள் வேலை. அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டு, ஜீப் டிரைவரிடம் சொல்லி வைத்தேன்.

அவர் முதலில் அழைத்து வந்தது பாலக்காட்டுப் பக்கத்துக் கல்லூரி ஆசிரியை ஒருவரையும் இரண்டு மாணவிகளையும். பூக்களைப் பற்றிக் குறிப்பெடுக்க நாலைந்து நாள் தங்க வேண்டுமாம். தரையை மெழுகிப் புதுப்பாய் விரித்து வைத்திருந்தேன். உள்ளே வந்தவர்கள் இரண்டு நிமிஷம்கூட நிற்கவில்லை. "சரிப்படாதுங்க, நாங்க மூணாறுலயே தங்கிக்கறோம்" என்று ஆசிரியை வெளியே நடந்தார்.

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. ஏழை வீடென்று இளக்காரம் என்றே நினைத்தேன். கதவைச் சாத்தப் போனவள், என்னவோ தோன்றி ஜீப் வரைக்கும் ஓடினேன்.

"தங்க வேணாம் டீச்சர். என்ன குறைன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

அவர் தயங்கி, மாணவிகளில் ஒருத்தியைக் காட்டினார். "இந்தப் புள்ளைக்கு மூச்சிரைப்பு இருக்குதுங்க. ஊட்டுல ஒரு ஜன்னல்கூட இல்லீங்களே, அடுப்புப் புகை அப்படியே நிக்குது. சொன்னா உங்க மனசு நோகுமேன்னுதான் பேசாம வந்துட்டனுங்க."

அப்போதுதான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். ஜீப் கம்பியைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். நான் பிறந்ததிலிருந்து அந்த மாதிரிப் புகையில்தான் இருந்தேன். அது ஒரு குறையென்று எனக்குத் தோன்றியதே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கடப்பாரையை எடுத்தேன்.

"மண்சுவரு புள்ள, இடிஞ்சு இறங்கிரும்" என்று கணவர் தடுத்தார்.

"இறங்குனா திரும்பக் கட்டுவோம்."

"மதினி, மேலயிருந்து மெல்லக் குத்துங்க" என்றபடி நாத்தனார் மண்ணை அள்ள வந்துவிட்டாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த கணவர், விதைக்கிழங்குப் பெட்டியைப் பிரித்துச் சட்டம் அடித்துக் கொடுத்தார். அடுப்பையும் பின்பக்கச் சாய்ப்புக்கு மாற்றினோம். சுவர் இறங்கவில்லை.

மறுநாள் காலை ஜீப் நிற்கும் இடத்தில் காத்திருந்தேன். "ஜன்னல் வச்சாச்சு டீச்சர், வந்து பாருங்க" என்றேன். அவர் கொப்புளித்துப் போன என் கைகளைப் பார்த்தார். "ஒரே நாள்லயாங்க?" என்று மட்டும் கேட்டார்.

நான்கு நாள் தங்கினார்கள். அவர்கள் சொல்லி வேறு ஆட்கள் வந்தார்கள். எங்கள் வீட்டில் இடம் போதாமல் போனபோது, அன்று சிரித்தவர்களே வந்து, தங்கள் வீட்டுக்கும் ஆள் அனுப்பச் சொன்னார்கள். ஒரு வீட்டில் பால், இன்னொரு வீட்டில் விறகு என்று எல்லாருக்கும் வேலை இருந்தது. பூ முடிவதற்குள் தெருவில் ஏழு வீடுகளுக்கு ஜன்னல் வந்துவிட்டது. வந்த காசில் மறுபடியும் விதைக்கிழங்கு வாங்கினோம். எஸ்டேட் பேச்சை என் கணவர் அதன்பிறகு எடுக்கவே இல்லை.

யாராவது முகம் திருப்பிக்கொண்டு போனால் இன்றும் எனக்குச் சுருக்கென்றுதான் இருக்கிறது. ஆனாலும் கோபத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, பின்னாலேயே போய்க் காரணத்தைக் கேட்டுவிடுகிறேன்.