அமாவாசையில் ஒரு காகப் பாலம்

எழுபதுகளின் பிற்பகுதியில் நான் காஞ்சிபுரத்துச் செய்திகளைச் சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். கொரியாவிலிருந்து ஒரு பெண் கலைஞர் வீடியோ கேமராவோடு வந்தபோது, ஆங்கிலம் தெரிந்தவன் என்று என்னிடம் அனுப்பிவிட்டார்கள்.

அவர்கள் நாட்டுக் கதையில் வானுலக அரசனின் மகள் நெசவுக்காரி. மாடு மேய்ப்பவனை மணந்ததும் தறியை மறக்கிறாள். அரசன் கோபித்து இருவரையும் வானத்து ஆற்றின் இரு கரைகளில் பிரித்துவைக்கிறான். ஆண்டுக்கு ஒருநாள் அவர்கள் சந்திக்கக் காகங்கள் கூடிப் பாலமாகின்றன. ஓடும் தறியும் அதன் பின்னால் காகக் கூட்டமும் ஒரே காட்சியில் வேண்டும் என்றார் கலைஞர். கொரியக் கதைக்குக் காஞ்சிபுரத்து உடம்பைக் கொடுப்பதுதான் தன் சோதனை என்றும் சொன்னார். பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார் என்பதால் அதை நான் குறித்துக்கொள்ளவில்லை.

கையில் மீதமிருந்தது ஒரே ஒரு டேப், அரைமணி நேரத்துக்கு.

காகங்களுக்காக அமாவாசையைத் தேர்ந்தெடுத்தவன் நான். அன்று தறி ஓடாது என்பது, இந்த ஊரிலேயே பிறந்த எனக்கு, பெரிய காஞ்சிபுரத்தில் நெசவாளர் வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

நெசவாளர் கதையை முழுதும் கேட்டார். "கட்டிக்கினு வேல செய்யலன்னு பிரிச்சிட்டாரா? எங்க முதலாளியே தேவல சார், அமாவாசைக்கு லீவு உட்றாரு."

குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவை, நூலில்லாமல் தறியில் வெறுமனே ஓட்டிக் காட்டச் சம்மதித்தார். அது நெசவில் சேராதாம். அவர் மனைவி பின்பக்க மதில்மேல் படையல் சோறு வைத்தார். காகங்கள் மொய்த்தன. கலைஞர் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

உடனே அதைச் சின்னத் திரையில் போட்டும் காட்டினார். தெரு கூடிவிட்டது.

"இன்னா ஸ்பீடுபா! சீலை எங்க, காக்கா தூக்கினு போயிடுச்சா?" என்றார் பக்கத்து வீட்டுத் தறிக்காரர்.

நெசவாளர் சிரிக்கவில்லை. "இத்த அழிச்சிடச் சொல்லு சார். காஞ்சிபுரத்துக்காரன் காத்த நெய்யிறான்னு சொல்லுவானுங்க."

கொரியாவில் பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது என்று கலைஞர் சொன்னதை மொழிபெயர்த்தேன்.

"நெசவுக்காரி கதைன்றாங்க. அந்த ஊர்ல நெய்யிறவனே இல்லியா?" என்றார் நெசவாளர்.

அதையும் மொழிபெயர்த்தேன். கலைஞர் திரையை அணைத்தார். மறுநாள் பகலில் அவர் சென்னைக்குப் போய் விமானம் ஏற வேண்டும். காலையில் வருவதாகச் சொன்னார். புதியதைப் பழையதன் மேல்தான் பதிய முடியும், பாலம் அழிந்துவிடும்.

காலையில் நாடா நிஜ நூலோடு ஓடியது. மதில்மேல் சோறும் வைத்தார்கள். ஒரே ஒரு காகம் வந்தது, தின்றது, போய்விட்டது.

"அதுங்களுக்கும் லீவு முடிஞ்சிடுச்சு போல" என்றார் மனைவி.

பதிந்ததை நெசவாளர் திரைக்கு அருகில் உட்கார்ந்து பார்த்தார். "அந்த எடத்துல ஒரு இழை அறுந்துச்சு சார். இன்னொரு தரம் எடுத்துட்லாமா?"

இதற்கு மட்டும் கலைஞர் என் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. கேமராப் பெட்டியைப் பூட்டினார்.