ரப்பர் மரங்களில் ஒட்டிய ஹவுசா

செல்வராணி இறந்துபோன செய்தி கூடலூரிலிருந்து வந்தபோது நான் பல்செட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். போனில் அவள் மகள். "தாத்தா, அம்மா போயிட்டாங்க" என்றாள். அழுது முடித்துவிட்டு ஒன்று கேட்டாள். "குடும்பமே அங்க இலங்கையிலதான இருந்திச்சு? அம்மா மட்டும் ஏன் தனியா இந்தியாவுக்கு வந்தாங்க? யாரு எழுதிக் கொடுத்தது? கடைசி வரைக்கும் வாயத் தொறக்கல." நான், "லைன் சரியில்லம்மா, விட்டு விட்டுக் கேக்குது" என்று சொல்லி வைத்துவிட்டேன். லைனில் ஒரு குறையும் இல்லை.

அடுத்த ஞாயிறு இங்கே எங்கள் தோட்டத்தில் அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். பேனரில் 'தாயகம் திரும்பிய தங்கமகள்' என்று எழுதியிருந்தது. எங்கள் தொழிற்சங்கத்துப் பழைய தலைவர், என் வயதுக்காரர், மாலை போட்டுவிட்டு, அவள் இந்திய மண்ணின் மேலிருந்த பாசத்தால் போனாள் என்று கால் மணி நேரம் பேசினார். கூட்டம் கை தட்டியது. செத்தவீட்டுக் கூட்டத்தில் கை தட்டுகிறார்கள்! பிறகு மைக் என்னிடம் வந்தது. கையில் வந்த மைக்கை நான் சும்மா திருப்பிக் கொடுத்ததாகக் கேகாலை மாவட்டத்தில் சரித்திரமே கிடையாது. அன்று தலைவலி என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அன்று பேசாததைத்தான் இந்த நினைவு மலரில் எழுதுகிறேன்.

ராணி என் அக்காள் மகள். தெஹியோவிட்டப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடொன்றில் பிறந்தவள். அந்த ஊர் வேண்டாமென்று ஒரு நாளும் சொன்னதில்லை. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, ஆனால் அந்தக் காலத்து ஐந்தாம் வகுப்பு. இன்றைய பட்டதாரி நாலு பேரை வரிசையில் நிறுத்தி என்னோடு பேசச் சொல்லுங்கள், பார்ப்போம். எங்கள் வம்சத்து மூளை மொத்தமும் அவளுக்குத்தான் இறங்கியது. தமிழிலேயே படித்து உயர்தரம் தேறினாள். இங்குள்ள பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் போட்டபோது, பிரஜாவுரிமைச் சான்றிதழ் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தோட்டத்து ஆட்கள் இங்கேயா, இந்தியாவுக்கா என்று எழுதிக் கொடுக்க வேண்டிய காலம் அது. இந்த நாட்டிலேயே இருக்கிறோம் என்று எங்கள் குடும்பம் எழுதிக் கொடுத்து வருஷக்கணக்காகியும் பதில் இல்லை. உயர்தரம் தேறிய பிள்ளை, விடிகாலையில் வாளியைத் தூக்கிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போனாள். எந்த மலையில் வெட்டுவது என்று அவளுக்குக் காட்டிய கங்காணி நான்தான். அதை எழுதக் கை கூசுகிறது.

அந்த நேரத்தில்தான் அவளுக்கு அவிசாவளையில் கணக்குப் படிப்பித்த யாழ்ப்பாணத்து மாஸ்டர் வந்தார். நைஜீரியாவின் வடக்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்துப் போனவர், லீவில் வந்திருந்தார். அங்கே பிள்ளைகள் பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சைக்குப் படிக்கும் பழைய புத்தகம் ஒன்றை அவளிடம் கொடுத்தார். ஹவுசா மொழிப் பாடம்.

"உதிலை பாஸ் பண்ணினால் காணும், பிள்ளை. வெளியாருக்கும் இடம் குடுக்கினம். ஆற்றை பிள்ளை, எந்தத் தோட்டம் எண்டு அங்கை ஒருத்தரும் கேக்க மாட்டினம்."

யாருடைய பிள்ளை என்று கேட்க மாட்டார்கள் என்ற அந்தக் கடைசிப் பேச்சுதான் அவளைப் பிடித்துக்கொண்டது.

"ஹவுசாவா? அது எந்தச் சாமிடி?" என்றாள் என் அக்காள்.

"சாமியில்லம்மா, பாஷை."

"அந்த ஊருல என்னத்தத் திம்பாங்க?"

"சோளக்களி. நம்ம ரொட்டிய விட மேலுன்னு மாஸ்டர் சொன்னாரு."

படிக்க நேரம் எங்கே? அதற்கு அவள் ஒரு வழி கண்டாள். கொப்பித் தாளைத் துண்டு துண்டாகக் கிழித்து, ஒவ்வொன்றிலும் ஒரு ஹவுசா வார்த்தை எழுதி, பால் வடியும் சிரட்டைக்கு மேலே மரத்தில் ஒட்டிவிடுவாள். பசை தேட வேண்டியதில்லை, ரப்பர் பால்தான் கையிலேயே இருக்கிறதே. மரத்துக்கு மரம் வெட்டிக்கொண்டு போகும்போது வார்த்தைக்கு வார்த்தை சொல்லிக்கொண்டே போவாள். மரத்தை எண்ணுவதும் ஹவுசாவில்தான். தாயா, பியூ, உக்கு என்று தொடங்கினால் மலை முடியும் மட்டும் வாய் ஓயாது. மழை பெய்து தாள் ஊறினால் மறுநாள் புதிதாக எழுதி ஒட்டுவாள். நான்கு மாதத்தில் அந்த மலை முழுவதும் ஹவுசா ஆகிவிட்டது.

தோட்டத் துரை ஒரு நாள் பார்த்துவிட்டார். "மே மொனவத, கங்காணி?" என்று தாளைப் பிய்க்கப் போனார். துரை என்றாலும் என் வார்த்தைக்கு மரியாதை உண்டு. "இது என்னவென்றா கேட்கிறீர்கள் சேர், பட்டை நோய்க்கு மந்திரம், தொட்டால் கையில் வந்துவிடும்" என்று சுத்தமான சிங்களத்தில் சொன்னேன். மனிதர் கையை இழுத்துக்கொண்டார். மறுவாரம் தன் பங்களாப் பலாமரத்துக்கும் ஒன்று கேட்டார். ராணி 'ருவா' என்று எழுதிக் கொடுத்தாள். தண்ணீர் என்று அர்த்தம். அந்த வருஷம் அந்த மரம் முந்நூறு காய் காய்த்தது. ஒன்றிரண்டு குறைந்திருக்கலாம்.

நானும் ஹவுசாவைக் கரைத்துக் குடித்துவிட்டதாகப் காலையில் பேர் பதியும் பிரட்டுக் களத்தில் ஆட்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவள் கேட்டுச் சிரித்தாள்.

"மாமா, நீங்க பேசுறது ஹவுசாவும் இல்ல, தமிழும் இல்ல. மொதல்ல இதப் படிங்க. பன் சனி பா."

"நடுவுல சனி இருக்கே புள்ள, வேற குடு."

"எனக்குத் தெரியாதுன்னு அர்த்தம். தமிழ்ல நீங்க அதச் சொல்லி இந்த மலையில ஒருத்தரும் கேட்டதில்ல. ஹவுசாவுலயாவது சொல்லிப் பழகுங்க."

நான் வழக்கமாகச் சாய்ந்து நிற்கும் மரத்தில் அந்தத் துண்டை ஒட்டிவிட்டுப் போனாள். லயமே சிரித்தது. நானும்தான்.

ஒரு வருஷம் இப்படிப் போயிற்று. அவள் எழுதி அனுப்பிய மாதிரி விடைகளை, லீவு முடிந்து போன மாஸ்டர் அங்கிருந்து திருத்தி அனுப்புவார். கடைசியாக வந்த தாளில் சிவப்பு மையால், 'இனிப் பயமில்லை, பிள்ளை' என்று எழுதியிருந்தார். அதோடு பரீட்சை விண்ணப்பமும் வந்தது. அதில் பெயருக்குக் கீழே ஒரு கட்டம்: கடவுச்சீட்டு இலக்கம்.

எங்களில் ஒருவருக்கும் அது அதுவரை தோன்றவில்லை. அவிசாவளைக்குப் பஸ் ஏறுகிறவனிடம் யார் பாஸ்போர்ட் கேட்டார்கள்? பாஷையைப் படித்தோம், இலக்கணத்தைப் படித்தோம், நாடு விட்டு நாடு போக ஒரு நாட்டுக்காரராக இருக்க வேண்டும் என்பதை மட்டும் படிக்கவில்லை.

கொழும்பு பாஸ்போர்ட் ஆபிசுக்கு அவளை நான்தான் கூட்டிப்போனேன். அங்கிருந்த கிளார்க் வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். எங்கள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. பிரஜாவுரிமை இல்லாதவர்களுக்கு இங்கே பாஸ்போர்ட் இல்லை, வேண்டுமானால் இந்தியாவுக்கு எழுதிக் கொடு, அவர்கள் தருவார்கள் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, பக்கத்துப் பணிக்கத்தில் துப்பினான். அதில் பாதி ராணியின் விண்ணப்பத்தில் தெறித்தது. அவள் முந்தானையால் துடைத்தாள். அந்தச் சிவப்பு போகவே இல்லை. இன்றைக்கும் வெற்றிலை போடுகிறவன் பக்கத்தில் நான் உட்கார்வதில்லை.

படியிறங்கும்போது கேட்டாள். "மாமா, அந்த இந்தியாப் பாஸ்போர்ட்ட வச்சிக்கிட்டு நைஜீரியா போகலாமா? வீட்டுல எல்லாரும் இங்கன்னுதான எழுதியிருக்காங்க. நான் மட்டும் தனியா எழுதுனா, என்னைய மட்டும் அனுப்பிற மாட்டாங்களா?"

"பாஸ்போர்ட்டுன்னா பாஸ்போர்ட்டுதான் புள்ள. எனக்குத் தெரியாத ஆபிசா? அது கையில இருந்தா ஒனக்குப் புடிச்ச ஊருக்குப் போகலாம்."

"நல்லாத் தெரியுமா மாமா?"

"ஏன், மாமன் மேல நம்பிக்கையில்லையா?"

இந்தியாவுக்கு எழுதிக் கொடுக்கும் படிவத்தை நானே நிரப்பினேன். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும், ஆபிஸ்காரர்களே மெச்சியிருக்கிறார்கள். நான் விரல் வைத்த இடத்தில் அவள் ஒப்பமிட்டாள்.

பாஸ்போர்ட் வந்தது. அதன் பின்னாலேயே, இன்ன தேதிக்குள் நாட்டை விட்டு இந்தியாவுக்குப் போய்விடு என்ற கடிதமும் வந்தது. சங்கத்துக்கு ஓடினேன். அஞ்சலிக் கூட்டத்தில் மாலை போட்ட அதே தலைவர்தான் கதிரையில் சாய்ந்தபடி, "அதுனால என்ன? தாய்நாடுதான, போயிட்டுப் போவட்டும்" என்றார். வந்த வழியே தோட்டத்துக்குத் திரும்பினேன்.

இந்தியக் கப்பலைப் பிடிக்கத் தலைமன்னார்க் கோச்சியில் ஏற்றிவிட்டோம். அக்காள் பிளாட்பாரத்தில் புரண்டாள். ராணி ஜன்னலோரத்தில் உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். சாமி கும்பிடுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். எனக்குத் தெரியும், வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

அந்த இரண்டு மாதமும் இந்தியக் கரையில், மண்டபம் முகாமில், ரேசன் அட்டைக்கு வரிசையில் நின்றே கழிந்தது. பரீட்சை நாள் வந்து போயிற்று. பிறகு கூடலூரில் தேயிலைக் கொழுந்து கிள்ளப் போனாள். கடைசி வரை கொழுந்துதான். முகாமிலிருந்து எனக்கு ஒரு கடிதம் எழுதினாள். ஒரு சொல் குறையாமல் இன்னும் மனப்பாடம். 'மாமா, இங்கே ஒரு அதிகாரி எனக்கு எந்த ஊர் என்று கேட்டார். பன் சனி பா என்றேன். உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது எனக்குத்தான் உதவியது.'

கடிதம் செல்லரித்துவிட்டது. மரங்களையும் வெட்டி மறு நடுகை செய்துவிட்டார்கள். அவளிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது அந்த மூன்று வார்த்தைதான். தினமும் விடியற்காலையில் ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன். அந்த ஆபிஸ் படியில் அதை ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும்.

கூடலூரிலிருக்கும் பிள்ளைக்கு இந்த மலர் தபாலில் வரும். நீ போனில் கேட்டதற்கு மட்டும் அந்த வார்த்தையைச் சொல்ல முடியாது, மகளே. யார் எழுதிக் கொடுத்தது என்று எனக்குத் தெரியும். நான்தான்.