ஜுரமில்லாத இருமல்

அப்பா சாராயத்தை விட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது. பீடியை மட்டும் விடவில்லை. கள்ளக்குறிச்சியில் மூட்டை தூக்கிப் பிழைத்தவர். எழுபதை நெருங்கியும் வாரத்தில் மூன்று நாள் வேலைக்குப் போவார். அம்மா போன பிறகு கருணாபுரத்தில் என்னோடுதான் இருந்தார். எனக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு துணிக்கடையில் வேலை.

எங்கள் பகுதியில் விஷச் சாராயம் வீடு வீடாக ஆளைக் கொண்டுபோனதற்குப் பிறகு வந்த மார்கழி அது. யாராவது கால் தடுமாறினாலே தெரு வாசலுக்கு வந்துவிடும். எனக்கும் அந்தப் பார்வை பழகியிருந்தது.

அப்பாவுக்கு ஐந்து நாளாக இருமல். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சுடவில்லை. மெடிக்கலில் சளி மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். "ஆஸ்பத்திரிக்குப் போலாமாப்பா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"சளிக்கா? வேல கெட்டுப்பூடும்" என்றார். எனக்கும் லீவு போட மனமில்லை. அதோடு விட்டுவிட்டேன்.

ஆறாம் நாள் காலையில் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நின்றார். "உங்கம்மா தண்ணிக்குப் போயி எம்மா நேரமாச்சி? இன்னும் காணமே."

அம்மா செத்துப் பத்து வருஷம். ஓர் அடி எடுத்து வைத்தவர் சுவரில் போய் மோதினார். தோளைப் பிடித்து நிறுத்தினேன். "இத்தினி சாவ பாத்துக்கினு மறுபடியும் குடிச்சியா?"

"இல்லம்மா."

தாடையைப் பிடித்து வாயை மோந்து பார்த்தேன். பீடி நாற்றம் மட்டுமே அடித்தது. அப்படியும் நம்பவில்லை. பயமும் ஆத்திரமுமாக ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"இன்னா ஆச்சி?" என்றார் அங்கே இருந்த நர்ஸ்.

"குடிச்சிட்டாருங்க."

"குடிக்கலைங்க" என்று அப்பா கையைத் தூக்கினார்.

"பெத்த பொண்ணே சொல்லுது. நீ பேசாம படு பெரியவரே."

ரத்தம் எடுத்தார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். அவர்கள் தேடியது சாராயத்தை. தேடச் சொன்னவள் நான். மத்தியானம் வரை அப்படியே போயிற்று.

அடுத்த ஷிப்டுக்கு வந்த பெண் டாக்டர் அப்பாவின் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார். கடிகாரம் பார்த்து மூச்சை எண்ணினார். விரலில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப்பை மாட்டிப் பார்த்தார். "இருமல் இருந்துச்சா?"

"ஆறு நாளாங்க."

"ஏன் சொல்லல?"

"ஜுரம் இல்லீங்களே."

எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிப்பாதி வெள்ளையாகக் கிடந்தது. "நிமோனியா. வயசானவங்களுக்கு ஜுரமே இல்லாமகூட வரும். பேச்சு கொழம்பும், மூச்சு வேகமா வாங்கும். அதைத்தான் பாக்கணும்" என்றார். உடனே ஆக்சிஜன் வைத்தார்கள். நரம்பில் மருந்து ஏறத் தொடங்கியது.

மூன்றாம் நாள் அப்பாவுக்கு நினைவு தெளிந்தது. என்னைப் பார்த்தார், தண்ணீரை நர்ஸிடம் கேட்டு வாங்கிக் குடித்தார்.

எட்டாம் நாள் அனுப்பினார்கள். உடம்பு தேறிவிட்டதென்று மாத்திரையைப் பாதியில் நிறுத்தக் கூடாது, பீடியைத் தொடக் கூடாது, தெம்பு வந்ததும் நிமோனியாவுக்குத் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அப்படி ஓர் ஊசி பெரியவர்களுக்கும் இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்.

வெளியே வந்ததும் அப்பா, "மணலூர்பேட்டை பஸ்ஸுல ஏத்தி வுடு" என்றார். அங்கே அத்தை, அவருடைய தங்கை, இருக்கிறார்.

"நம்ம வூட்டுக்கு வாப்பா."

"அங்க யாரும் எம் வாய மோந்து பாக்க மாட்டாங்க."

துணைக்குப் போய் விட்டுவிட்டு வந்தேன். மாத்திரை தீரும்வரை தினமும் அத்தைக்குப் போன் செய்து கேட்டேன். தெருவிலோ, "சாராயம் குடிச்சும் உங்கப்பா பொழச்சிக்கினாரே" என்றார்கள். முதலில் சொன்னவளே நான். யாரிடம் போய் மறுப்பது?

இரண்டு மாதம் கழித்து அத்தை வீட்டுக்குப் போய், அந்தத் தடுப்பூசி போட ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தேன். மறுக்காமல் வந்தார். ஊசி குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கூட வந்திருக்கறது பொண்ணா?" என்று அங்கிருந்த நர்ஸ் கேட்டார்.

அப்பா சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே, "பஸ்ஸு எத்தினி மணிக்கு?" என்று என்னைக் கேட்டார்.

பீடியையும் விட்டுவிட்டார் என்பதை அத்தை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.